பீட்லாக் வாங்குபவர் டார்க் ரெஞ்சும் வாங்கட்டும்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளிலும் கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளிலும் சீறிப் பாயும் ‘சைடு-பை-சைடு’ வண்டிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இருவர் அருகருகே உட்கார இருக்கை, தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டு, காரில் இருப்பது போன்ற ஸ்டீயரிங். பண்ணை வேலைக்கு வந்த வகை இது. இன்று விலை உயர்ந்த ரகங்களில் எஞ்சின் 200 குதிரைசக்தியைத் தாண்டிவிட்டது. இந்த வண்டியை வாங்கியவர்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று வீல். அதிலும் சுற்றிவர போல்ட் வரிசை மின்னும் பீட்லாக் வீல் மீது தனி மோகம். அந்த மோகத்தைப் பயன்படுத்தி, வெறும் போல்ட் தலைகளை ஒட்டவைத்த போலி பீட்லாக்குகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. பீட்லாக் வாங்குபவர் ஒரு பராமரிப்பு வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். அந்த வேலைக்கு மனமோ நேரமோ இல்லாதவருக்குச் சாதாரண வீலே மேல் என்பது என் கட்சி.

டியூப் இல்லாத டயரின் ஓரத்தில், எஃகுக் கம்பி வைத்துத் தடித்த ஒரு விளிம்பு இருக்கும். அதுதான் பீட். உள்ளே இருக்கும் காற்றுதான் அதை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கிறது. பாறையிலும் மணலிலும் டயர் அகலமாகப் பதிந்து பிடிக்க வேண்டும் என்பதற்காகக் காற்றை இறக்குவார்கள். 30 பி.எஸ்.ஐ.யிலிருந்து 10 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் காற்று தரும் அந்த அழுத்தமும் மூன்றில் ஒன்றாகிவிடும். அந்த நேரத்தில் வண்டி பக்கவாட்டில் சறுக்கினால், பாரம் முழுவதும் ஏறியிருக்கும் சக்கரத்தின் டயரைத் தரை வண்டியின் அடிப்பக்கமாகத் தள்ளுகிறது. வெளிப்புற பீட் தன் இடத்தை விட்டு நழுவ, காற்று ஒரே நொடியில் போய்விடும். பீட்லாக் வீலில் இந்த வெளிப்புற பீட்டை ஒரு வளையம் போல்ட்டுகளால் நெரித்துப் பிடிக்கிறது. பெரும்பாலான வீல்களில் வளையம் வெளிப்பக்கம் மட்டும் இருப்பதற்கு இதுவே காரணம். உள்பக்க பீட் இன்னமும் காற்றை நம்பித்தான் நிற்கிறது என்பதை விற்பவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஆகவே முதல் கேள்வி, எவ்வளவு காற்றில் ஓட்டுகிறீர்கள் என்பது. கம்பெனி சொன்ன அளவில் காட்டுப்பாதையில் நிதானமாக ஓட்டுபவருக்கு பீட்லாக் கூடுதல் எடை, கூடுதல் செலவு, அவ்வளவுதான். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் பாகத்தில் ஏறுகிறது; சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும். காற்றைப் பாதியாக இறக்கிப் பாறை ஏறுபவருக்கும், மணலில் வேகமாக வளைப்பவருக்கும் கதை வேறு. அவர்கள் வீலைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்க்கும் முன் நட்டு வட்டத்தை, அதாவது நட்டுகளின் எண்ணிக்கையையும் அவை அமையும் வட்டத்தின் விட்டத்தையும், பார்க்க வேண்டும்: போலாரிஸ் ஆர்.இசட்.ஆர். வண்டிகள் பலவற்றில் அது 4 நட்டு, 156 மி.மீ.; கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3-யில் 4 நட்டு, 137 மி.மீ. வீல் அளவுக்கு மீறி வெளியே தள்ளி நின்றால் பேரிங்கும் ஸ்டீயரிங் பாகங்களும் சீக்கிரம் தேயும். வளையமும் போல்ட்டும் தனியாகக் கிடைக்குமா, போல்ட் ஏறும் புரி அலுமினியத்திலேயே வெட்டியதா, எஃகுச் செருகு வைத்ததா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. அலுமினியப் புரி ஒருமுறை வழுக்கிவிட்டால் வீலையே பட்டறைக்குத் தூக்க வேண்டிவரும்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு வீலுக்கு 24 போல்ட் என்றால் நான்குக்கும் 96. வளையத்தை வைக்கும் முன்பே டயர் விளிம்பு வீலின் படியில் நடுவாக உட்கார்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் டயர் கோணலாகச் சுற்றும். போல்ட்டுகளைக் கையால் தொடங்கி, எதிரெதிராக மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் வளையம் வளைந்துவிடும், எதிர்ப்பக்கம் காற்று கசியும். பஞ்சர் கடையில் நட்டை வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன் இங்கே எதிரி. இந்தச் சிறு போல்ட்டுகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் முறுக்குவிசை கார் வீல் நட்டுக்குத் தருவதைவிட வெகு குறைவு. கைக்கணக்கு அதைத் தாண்டிவிடும்; விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும். அப்படியே சரியாக இறுக்கினாலும் கதை முடிவதில்லை. நெரிபட்ட ரப்பர் மெல்ல அமுங்குவதால் போல்ட்டின் பிடி தளரும். அதனால்தான் முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைக்கச் சொல்கிறார்கள். பிறகும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கல்லில் உரசித் தலை மழுங்கிய போல்ட்டை உடனே மாற்ற வேண்டும், பின்னால் அதைக் கழற்றவே முடியாது. சேறும் உப்பும் பட்ட வீலைக் கழுவாமல் விட்டால் எஃகு போல்ட்டும் அலுமினியமும் அரிப்பால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்.

பந்தயக்காரர்கள் எல்லாரும் போடுகிறார்களே என்பார்கள். 2007 முதல் கலிஃபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கில் நடக்கும் ‘கிங் ஆஃப் தி ஹாமர்ஸ்’ போன்ற பந்தயங்களில் பாலைவன வேகமும் பாறை ஏற்றமும் ஒன்றாக வருவதால் அங்கே அது தேவை. அங்கே ஓட்டம் முடிந்ததும் ஸ்பேனரோடு உட்கார ஒரு குழுவும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வீலை மட்டும் பார்த்து நகல் எடுப்பதில் பயனில்லை. பஞ்சரானாலும் டயர் கழன்று ஓடாது, மெதுவாக ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்ற வாதம் இதைவிட வலுவானது. ஆள் நடமாட்டமில்லாத பாலைவனத்தில் அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பாதிப் போல்ட் தளர்ந்த வளையத்தை நம்பி அந்தத் தூரம் போக முடியாது. இந்த வீல்களில் பலவற்றைத் தயாரித்தவர்களே சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்தச் சொல்லி விற்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கழற்றுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டயரில் காற்று இருக்கும்போது வளையத்தின் போல்ட்டைத் தளர்த்தினால், உள்ளே அடைபட்ட அழுத்தம் வளையத்தையே முகத்தில் அடிக்கும். முதலில் வால்வின் உட்பாகத்தைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். சீறல் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு ஸ்பேனரை எடுங்கள்.