இரண்டு விழுக்காட்டு வள்ளல்கள்

“அவர்களும் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?” பன்னாட்டு நிறுவனங்களின் கல்விக் கொடைகளைப் பற்றி நாம் ஐயம் எழுப்பும்போதெல்லாம் நண்பர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். மழை ஒழுகும் வகுப்பறையையும், கழிப்பறைக்குத் தண்ணீர் வராத பெண்கள் பள்ளியையும் நேரில் கண்டவர்கள். சோறு போட்டவனின் உள்நோக்கத்தைப் பசித்தவன் ஆராய வேண்டியதில்லை என்பது அவர்கள் தரப்பு. அதில் ஒரு நியாயம் இருப்பதால்தான் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம், ஒரகடம் வரை ஒருமுறை சுற்றி வாருங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் கால் நூற்றாண்டுக்குள், ஏரியும் நெல்வயலுமாகக் கிடந்த நிலம் உலகச் சந்தையின் பட்டறையாகிவிட்டது. சாலையோரத்து அரசுப் பள்ளிச் சுவர்களில் திருவள்ளுவருக்கும் பாரதிக்கும் பக்கத்தில் இப்போது நிறுவனச் சின்னங்களும் இடம்பிடித்திருக்கின்றன. குடிநீர்த் தொட்டி, மேசை, நாற்காலி, ஸ்மார்ட் வகுப்பறை என எதைத் தொட்டாலும் கொடுத்தவர் பெயர் கையில் ஒட்டுகிறது.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். இது கொடை அன்று. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அச்சட்டமே சொல்வது. 2021 திருத்தத்துக்குப் பின், செலவிடாது வைத்திருந்தால் அபராதமும் உண்டு. அபராதத்துக்கு அஞ்சிச் செலுத்தும் தொகையைத் தமிழில் வேறு பெயரிட்டு அழைப்பது வழக்கம்.

புறநானூற்றில் ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய செய்யுள் ஒன்றை இங்கே நினைவுகொள்ளலாம். மறுமைப் பயனைக் கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் என்பதே அவர் தரும் புகழ். கொடைக்கும் வணிகத்துக்கும் இடையே இத்தனை தெளிவாகக் கோடு கிழித்த மரபு நம்முடையது. நம் காலத்து வணிகருக்கோ மறுமை வரை காத்திருக்கும் பொறுமையும் இல்லை. அந்தந்த ஆண்டின் அறிக்கையிலேயே வண்ணப்படமாக அறுவடை முடிந்துவிடுகிறது.

இரண்டு ரூபாயைப் பற்றிப் பேசுவோர் எட்டு ரூபாயைப் பற்றியும் பேச வேண்டும். 2019 செப்டம்பரில், பிற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு அடிப்படை வருமான வரி 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைக்கப்பட்டது. புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 என்றார்கள். இந்தியாவில் பதிவு பெற்றிருந்தால் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பிள்ளையும் இதற்கு உரியதே. நிலம், மின்சாரம், முத்திரைத்தாள் என்று மாநில அரசுகள் போட்டியிட்டுத் தரும் சலுகைகள் தனிக் கணக்கு. ஒரு கையால் வரியை விட்டுக்கொடுத்த அரசு, மறு கையை ஏந்தி நிற்கிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் நிறுவனங்களின் பங்களிப்பையும் முன்னாள் மாணவர் நன்கொடையையும் வரவேற்கும் ஏற்பாடுதான். முன்னாள் மாணவர் தன் பள்ளிக்குத் தருவது பாசம். அதே வரிசையில் நிறுவனத்தையும் நிறுத்தி மாலை போடுவதைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை.

சொத்துவரியோடு நாம் செலுத்தும் நூலக வரியை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் தந்த ஏற்பாடு அது. டீக்கடைக்காரரும் கட்டுகிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் கட்டுகிறார். நம்முள் பலர் முதல் நாவலைப் படித்தது அந்தக் காசில் வாங்கிய பிரதியில்தான். எந்தக் கிளை நூலகத்தின் அலமாரியிலாவது டீக்கடைக்காரரின் பெயர் பொறித்திருக்கிறதா?

இனி, யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி. நமக்கு இதுவே முதன்மையானது. நிறுவனச் சட்டம் சொல்லும் சமூகப் பொறுப்புக் குழுவில் இருப்போர் இயக்குநர்கள். எந்தப் பணிக்கு எவ்வளவு என்று இயக்குநர் குழுவுக்குப் பரிந்துரைப்பவர்கள் அவர்கள்தாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வேறொரு குழுவைச் சொல்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்ற வளர்ச்சித் திட்டத்தை எழுதும் உரிமை அக்குழுவுக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் நடப்பதென்ன? இயக்குநர் குழு தீர்மானிக்கிறது. பெற்றோர் குழு நன்றி சொல்கிறது. இரண்டும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள்தாம். ஒன்றின் குழுவுக்கு மேடையில் நாற்காலி, மற்றதன் குழுவுக்குப் பந்தலோரத்தில் பாய்.

நாம் பணியாற்றும் கல்லூரிக்கும் ஒருமுறை அத்தகைய அறக்கட்டளையினர் வந்தார்கள். நூலகத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பழைய சிற்றிதழ்த் தொகுதிகளுக்கு பைண்டிங் செய்து தருமாறும், நூலக உதவியாளர் ஒருவருக்கு மூன்றாண்டு ஊதியம் தருமாறும் கேட்டோம். ஊதியம் தருவது தங்கள் வழக்கத்தில் இல்லை, கணினி என்றால் தரலாம் என்றார்கள். கணினிகள் வந்தன. ஆளில்லாததால் அந்த அறை வாரத்தில் இரண்டு நாள் திறந்திருந்தது. சிற்றிதழ்களைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. கொடுப்பவருக்குப் படம் எடுக்கத்தக்க பொருள் வேண்டும். ஒரு நல்லாசிரியரின் மாத ஊதியத்தை எப்படிப் படம் எடுப்பது?

கற்பிக்கப்படுவதும் அப்படியே. திறன் பயிற்சி, எந்திரப் பயிற்சி, கணினி மொழி. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் மாணவர்க்கும் வேலை வேண்டும். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் எதற்காகக் கற்க வேண்டும் என்பதை அந்த ஊரில் ஆள் எடுக்கும் நிறுவனமே வகுப்பது பண்ணையார் திண்ணைப்பள்ளி நடத்துவதற்கு ஒப்பானது. அவர் கணக்குப்பிள்ளைக்கு வேண்டிய அளவுக்குத்தான் கணக்குச் சொல்லித்தருவார்.

சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. தன் ஊழியர்க்கு மட்டும் பயன்படும் செலவைச் சமூகப் பணிக் கணக்கில் எழுதக் கூடாது. விதி சரிதான். தொழிலாளியின் சோறும் கூலியும் முதலாளியின் கடமை, தருமம் அன்று. ஆனால் அதன் விளைவு விந்தையானது. மதிலுக்கு வெளியே செய்வது அறமாகப் பதிவாகிறது. மதிலுக்குள் செய்ய வேண்டியது வெறும் செலவாகக் குறைக்கப்படுகிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கள் விடுதியில் உணவு நஞ்சாகி மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். விடுதிகளும் உணவறைகளும் தன் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. சங்கத்தைப் பதிவு செய்ய நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ‘உள்ளூர்ச் சமூகம்’ என்று அறிக்கைகளில் வரும் சொல்லுக்குள் இந்த மனிதர்கள் அடங்குவார்களா, மாட்டார்களா?

நிறுவனம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்பகுதி பார்த்துவிட்டது. நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த கையோடு ஆயிரக்கணக்கான பெண்கள் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தார்கள். கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் வெளியே நின்றது. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் அந்தப் பெண்கள் கையில் இருந்தது விருப்ப ஓய்வுத் தொகையும் வேறெங்கும் விலைபோகாத ஒரு பழக்கமும்தான். ஃபோர்டு 2021இல் விடைபெறுவதாக அறிவித்து மறுஆண்டு மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்தியது. லாபத்தில் இரண்டு விழுக்காடு என்றால் லாபம் இல்லாதபோது அதுவும் இல்லை. பிள்ளையின் எட்டாம் வகுப்பு எந்த நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கையும் பார்த்து நிற்பதில்லை.

விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் கொண்ட கல்லூரிக்கான ஏற்பாடு அது. ஆளுக்கு எவ்வளவு நெல் என்று கணக்கிட்டு, அந்த நெல் விளையும் நிலத்தையே எழுதிவைத்தார்கள். அங்கே யார் படித்தார்கள், யாருக்கு வாசலே அடைத்திருந்தது என்பதை நாம் அறிவோம். அந்தச் சமூகத்துக்காக ஏங்கி இதைச் சொல்லவில்லை. ஆனால் கல்விக்குக் கொடுப்பது என்றால் ஆசிரியரின் சோற்றுக்கு நிலையான வழி செய்வது என்ற அறிவு அந்தக் கல்லில் இருக்கிறது. அக்காலக் கல்வெட்டுகள் அறத்துக்கு இட்ட காலவரையறை சந்திரரும் சூரியரும் உள்ளவரை. இன்றைய விதி ஒரு தொடர்திட்டத்துக்கு அனுமதிக்கும் உச்சகாலம், தொடக்க ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு.

நண்பர்களின் கேள்விக்கு வருவோம். வேறு யார் கொடுப்பார்கள்? நாம்தான், வரியாக; அவர்களும், வரியாக. அதுவரை இந்த இரண்டு விழுக்காட்டை வேண்டாம் என்று திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. பணம் மாவட்டப் பொதுநிதிக்கு வரட்டும். எந்தப் பள்ளிக்கு எது என்பதைப் பெற்றோர் குழுக்களின் திட்டங்களைக் கொண்டு முடிவு செய்யட்டும். சுவரில் சின்னம் வேண்டாம். வெயிலில் பிள்ளைகளை நிறுத்திக் கைதட்டச் சொல்லவும் வேண்டாம்.

இத்தகைய விழாக்களில் வாழ்த்துரை வழங்கத் தமிழாசிரியர்களைத்தான் தேடி வருகிறார்கள். வள்ளல்கள் எழுவரோடும் வந்தவரை ஒப்பிட்டுப் பேச நம்மிடம்தான் சொல் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த அழைப்பிதழ் வரும்போது, ஒப்புக்கொள்ளும் முன் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் படி ஒன்றைக் கேட்டுப் பெறும்படி நம் தோழர்களை வேண்டுகிறோம். தீர்மானம் இருந்தால் போய்ப் பேசுங்கள்.