ஒன்பது பிளவுப் பொய்

திருவண்ணாமலையில் வீட்டு வாசலில் பழைய ஜீப்பைப் பிரித்துப் போட்டிருக்கும் எங்களிடம், வழியில் நிற்கிறவர் எவரும் கேட்பது இதைத்தான்: “மிலிட்டரி ஜீப்பா மாத்திடலாமே?” இக்கேள்வியில் உள்ள அவமதிப்பை ஒருமுறையேனும் உரக்கச் சொல்லிவிட எண்ணுகிறோம்.

மாற்றும் முறை எல்லோருக்கும் மனப்பாடம். உயர்ந்த பானெட்டை அகற்றித் தாழ்ந்ததைப் பூட்டுவது. கிரில்லின் ஏழு பிளவுகளை ஒன்பதாக்குவது. ஆலிவ் பச்சை அடித்து வெள்ளை நட்சத்திரம் வரைவது. இதற்குப் பெயர் ‘ரெஸ்டோரேஷன்’!

ஒன்பது பிளவு இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் எம்பியின் அடையாளம். எங்கள் வாசலில் நிற்பதோ மகிந்திராவின் சிஜே-3பி. 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய நிறுவனம் அது. உள்ளிழுக்கும் வால்வுகளைத் தலைப்பகுதிக்கு ஏற்றியதால் எஞ்சின் உயர்ந்தது; அதற்கு இடம்தரவே 1953-இல் சிஜே-3பியின் பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன இவ்வடிவம் இந்தியாவில் அதன் பின்னும் பல்லாண்டுகள் தொடர்ந்தது. வனத்துறையும் பொதுப்பணித்துறையும் காவல் நிலையமும் தேர்தல் பிரசாரமும் ஏறிச் சென்ற முகம் இது. அதை அழித்து, இந்த வண்டி ஒருநாளும் காணாத போரின் முகமூடியை மாட்டுவது எவ்வகை மரபுப் பற்று?

தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு நடந்து, கல்லின் மேற்பரப்பும் கல்வெட்டும் தேய்ந்தபோது சிற்றிதழ்க்காரர்களான நாம் கொதித்தோம், சரியாகவே கொதித்தோம். அதே மணல்வீச்சைத்தான் ஜீப்பின் உடலிலும் கண்மூடிப் பாய்ச்சுகிறார்கள். துருவோடு சேர்ந்து வண்ண அடுக்குகளும் போகின்றன. உப்புத்தாளும் தண்ணீரும் கொண்டு மெதுவாகத் தேய்த்தால் வெள்ளைக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சாம்பல் என்று ஒரு வண்டி கைமாறிய வரலாறு முழுவதும் வரும். நாள் கணக்கில் ஆகும், தோள் வலிக்கும் என்பது உண்மை.

நாங்கள் தூய்மைவாதிகள் அல்லர். பிரேக் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களையும் எண்ணெய்க் குழாய்களையும் புதிதாகவே போட்டோம். மலையிறக்கத்தில் பழைமை உயிர் காக்காது. உடைந்ததை மாற்றுவது பராமரிப்பு. உடையாததை மாற்றிப் பொய்ப் பிறப்புச் சான்றிதழ் எழுதுவது வேறு. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட பழங்கால வாகன விதிகள்கூட ஐம்பதாண்டு கடந்த, அடிச்சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் காணாத வண்டியையே ஏற்கின்றன. (அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது என்கிற அபத்தத்தைத் தனியே திட்டலாம்.) ரசிகர்கள் சொல்லியிருக்க வேண்டியதை அரசிதழ் சொல்ல நேர்ந்தது நமக்குத்தான் வெட்கம்.

சென்ற வாரம் எங்கள் வண்டியின் பானெட் ஓரத்தில் சாம்பலுக்கு அடியிலிருந்து மஞ்சள் எழுத்துகள் கிளம்பின. ஏதோ ஒரு துறையின் பெயர். பாதிதான் படிக்க முடிகிறது. அந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்திவிட்டோம்.