விதைக்கும் நாளில் முன்பணம் தருவது யார்?

ஆரணி என்றவுடன் பட்டுச் சேலையை நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கு நாம் பேசுவது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியை. பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் இடையே, ஆரணியாற்றங்கரையில் உள்ள ஊரை. சம்பா அறுவடை முடிந்ததும் இப்பகுதியில் காய்கறிக்கு நிலம் தயாராகும். மாசியில் விதைத்தால் கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். வெண்டைக்கு 45, 50 நாட்கள். கத்தரிக்கு இன்னும் கூடுதல். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை ஒதுக்கி, நம் வீடுகளில் சாம்பாரும் பொரியலுமாகச் சமைக்கும் வாரங்களும் இவையே. ஆனால் அந்தக் காய் எந்த நிலத்தில் விளைந்தது, விளைவித்தவர் கைக்கு என்ன போயிற்று என்று நாம் கேட்பதில்லை.

விலை ஏறும்போது மட்டும் கேட்கிறோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையின் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசு முன்வந்தது. அது பெரிய செய்தியாயிற்று. பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் அதே தக்காளியைச் சாலையோரம் கொட்டிய செய்திகள் ஒரு நாளோடு மறைந்துவிடுகின்றன. 2024 அக்டோபரில் வெளியான ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் தாள் ஒன்று, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 33 ரூபாய் என்றும், வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்றும் கணக்கிட்டது. மீதி போக்குவரத்து, கழிவு, தரகு, கடை வாடகை, இலாபம் எனப் பிரிகிறது.

இடைத்தரகரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது அந்த எண்ணத்தில்தான். நல்ல திட்டம். ஆனாலும் அது அறுவடைக்குப் பிந்தைய திட்டம். காயைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்தால்தான் அங்கே காசு. மழையில் செடி அழுகினால் வருபவரும் இல்லை, கேட்பவரும் இல்லை.

விவசாயிக்குப் பணம் மிகவும் தேவைப்படுவது விதைக்கும் நாளில். உழவு, எரு, விதை, ஆள்கூலி எல்லாம் அன்றைக்கு. அன்று பணத்தோடு வருகிறவர்கள் யார்? ஒருவர், முன்பணம் கொடுத்து விளைச்சலைத் தம் மண்டிக்கே கொண்டுவரச் சொல்லும் கமிஷன் வியாபாரி. இன்னொருவர் தண்ணீர் வாங்க வருபவர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, நம் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து சென்னைக் குடிநீர் வாரியமே தண்ணீரை விலைக்கு வாங்கியது. தனியார் லாரிகளும் ஓடின. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகைத் தொழிற்பேட்டைகள் வளர வளர, நிலத்தையே கேட்டு வருபவர்களும் உண்டு. காயை விடத் தண்ணீர் நிச்சயமான வருமானம் என்று நினைக்கிற விவசாயியைப் பழிப்பதற்கில்லை. மினி லாரியில் ஏற்றிய கத்தரிக்காய்க்குக் கோயம்பேட்டில் என்ன விலை கிடைக்கும் என்பது போய்ச் சேரும்வரை தெரியாது. 2020 மே மாதத்தில் கொரோனாவால் அந்தச் சந்தையே மூடப்பட்டது நினைவிருக்கும். ஆகவே விதைக்கும் நாளில் எல்லாரும் வருகிறார்கள், சாப்பிடப் போகிறவரைத் தவிர.

சாப்பிடுகிறவரும் அன்று வரலாம் என்பதற்கு முன்மாதிரி உண்டு. ஜப்பானில் 1970-களில், பூச்சிமருந்துக்கு அஞ்சிய இல்லத்தரசிகள் விவசாயிகளோடு நேரடியாகப் பேசி, ஒரு பண்ணையின் விளைச்சலைச் சில குடும்பங்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்ளும் முறையைத் தொடங்கினார்கள். அதற்கு 'தெய்கெய்' என்று பெயர். அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதுபோன்ற முறையில் இயங்கத் தொடங்கின. பருவத் தொடக்கத்தில் குடும்பங்கள் பங்குப் பணம் கட்டும். விளைந்ததை வாரந்தோறும் பிரித்துக்கொள்ளும். விளையாததையும் சேர்ந்தே தாங்கும். நமக்கு அருகில், ஆரோவில்லில் 1996 முதல் இயங்கும் சாலிட்யூட் பண்ணையிலிருந்தும் வாரக்கூடை போகிறது. அந்த மண்ணில் அந்த வாரம் என்ன விளைந்ததோ அதுதான் கூடையில் இருக்கும். கேரட் எங்கே என்று கேட்பவருக்கு அங்கே சற்றுச் சிரமம்தான்.

இது வெளிநாட்டுப் பழக்கம், நம் மக்களுக்கு ஒத்துவராது என்பவர்கள், தீபாவளிச் சீட்டை மறந்துவிடுகிறார்கள். ஐப்பசியில் கிடைக்கப்போகும் இனிப்புக்கும் பட்டாசுக்கும் மாதாமாதம் முன்கூட்டியே கட்டும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். நகைச்சீட்டும் அப்படியே. சீட்டு கட்டி ஏமாந்தவர்களும் உண்டு என்பதால், கணக்கு எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்பட வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொள்வோம்.

ஓர் உதாரணக் கணக்கு. ஓர் அன்பியத்தில் 30 குடும்பங்கள். வாரம் 300 ரூபாய்க்குக் காய் என்றால், 12 வாரத்துக்கு ஒரு குடும்பத்தின் பங்கு 3,600 ரூபாய், மொத்தம் 1,08,000. அதில் பாதியை விதைப்புக்கு முன் கொடுத்தால் விவசாயி கையில் 54,000 ரூபாய், வட்டியில்லாமல். இதுவே அவரை மண்டியின் கட்டிலிருந்து விடுவிக்கக்கூடும். ஆனால் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவரால், அதுவும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து வாடகை அறையில் இருப்பவரால், 1,800 ரூபாயை ஒரேயடியாக எடுத்துவைக்க முடியாது. அவர் வாராவாரம் கட்டட்டும். வசதியுள்ள வீடுகள் முன்பங்கைக் கூடுதலாக ஏற்கட்டும். இல்லாவிட்டால் இது நான்கு கார் வைத்திருப்பவர்களின் இயற்கைக் காய்கறிக் கடையாகிவிடும்.

கடினமான கேள்வி இனிமேல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்து வயல்களை மூழ்கடித்தது. அப்படியொரு பருவத்தில் கூடை காலியாக வரும். கட்டிய பணம் திரும்பாது. அன்றைக்கும் அதை நட்டம் என்று சொல்லாமல் அடுத்த பட்டத்துக்கும் கட்டுவோமா? 'இறைவா, உமக்கே புகழ்' என்ற 2015-ஆம் ஆண்டுத் திருமடலின் 129-ஆம் பத்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் சிறு விவசாயிகளின் உணவு உற்பத்தியைப் பேணுவது பற்றிப் பேசுகிறார். அதை மறையுரையில் கேட்டுத் தலையசைப்பது எளிது. காலிக் கூடையோடு வீடு திரும்புவது வேறு. இதற்குச் சம்மதிக்காதவர்கள் சேராமலிருப்பதே விவசாயிக்கு நல்லது. நம்பவைத்துக் கைவிடுவதை விட மண்டிக்காரரே மேல்.

அன்பார்ந்தோரே, முயன்று பார்க்க ஒரு பட்டம் போதும். ஒரு ஏக்கர் போதும். மாசியில் நட வேண்டிய கத்தரிக்குத் தையிலேயே நாற்று விட வேண்டும். அதற்கும் முன்பே பணம் வேண்டும். அப்படியானால் அன்பியக் கூட்டங்களில் பேச்சைத் திருவருகைக்காலத்திலேயே எடுக்க வேண்டியிருக்கும். கிறிஸ்துமஸ் துணிமணிச் செலவுக்கு முன்பா பின்பா என்பதை வீட்டுக் கணக்குப் பார்க்கும் தாய்மார்கள் சொல்லட்டும்.