பூட்டிய வீட்டுக்குள் ஒரு வகுப்பறை

பெங்களூரு, மும்பை, புனே, தில்லி ஆகிய பெருநகரங்களில், தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் ஒரு கேள்வி இன்று அடிக்கடி எழுகிறது. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, இணையவழியில் வீட்டிலிருந்தே படிக்க வைக்கலாமா? வைப்பதென்றால் எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது? தனியார் பள்ளிகளின் தாங்கவொண்ணாக் கட்டணம், வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறும் நிலை, போக்குவரத்து நெரிசலில் வீணாகும் நேரம், சக மாணவர்களின் கேலி, சாதி இழிவு, நீண்டகால நோய் எனக் காரணங்கள் பல. கேட்பவர்கள் வசதி படைத்தோர் மட்டுமல்லர். மென்பொருள் ஊழியர், செவிலியர், வங்கி ஊழியர், பீன்யா தொழிற்பேட்டைத் தொழிலாளி எனப் பலரும் இவர்களுள் அடங்குவர்.

இப்பெற்றோரைக் கடிந்துகொள்வது இடதுசாரி இயக்கத்தின் வேலையன்று. அரசு கைவிட்டு விலகிய இடத்தில் ஒரு குடும்பம் தன்னந்தனியாக நின்று எடுக்க நேரும் முடிவு இது. அம்முடிவை அறிவோடு எடுக்க அவர்களுக்குத் துணைநிற்பதும், அத்தனிமையை உருவாக்கிய கொள்கையை எதிர்த்துப் போராடுவதும் ஒரே பணியின் இரு பகுதிகளாகும்.

பதினான்கு வயதோடு முடியும் உரிமை

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதனை நடைமுறைப்படுத்தும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்தது. ஆனால் அது 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே பொருந்தும். ஆய்வகமும் பாட வல்லுநரான ஆசிரியரும் மிகவும் தேவைப்படும் ஒன்பதாம் வகுப்பின் வாயிலில், கட்டணம் உயரத் தொடங்கும் அதே இடத்தில், சட்டம் மாணவரின் கையை விட்டுவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 18 வயது வரை அனைவருக்கும் கல்வி என்று பேசுகிறது. ஆயினும் அதனைச் சட்ட உரிமையாக்க ஒன்றிய அரசு முன்வரவில்லை. மாறாக, திறந்தநிலைக் கல்வியையும் தொலைநிலைக் கல்வியையும் விரிவாக்குவதையே வழியாகக் காட்டுகிறது. சட்டம் மௌனம் காக்கும் அந்த நான்கு ஆண்டுகளில்தான் சந்தை கடை விரிக்கிறது.

கடன் பத்திரத்தோடு வந்த கல்வி

இச்சந்தையின் இயல்பை அறியப் பைஜூஸ் நிறுவனத்தின் வரலாறு போதும். 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று கொண்டாடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், 2,500 ஊழியர்களைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. டிசம்பரில், பாடத்தொகுப்புகளை விற்பதற்கு முறைகேடான வழிகள் கையாளப்படுவதாகவும், பெற்றோர் கடன் ஒப்பந்தங்களில் சிக்கவைக்கப்படுவதாகவும் வெளிவந்த செய்திகளின் பேரில், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைமை நிர்வாகிக்கு அழைப்பாணை அனுப்பியது. 2024 ஜூலையில் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. பொதுப்பள்ளியை முதலீட்டாளர் ஒரே இரவில் மூடிவிட்டுப் போக முடியாது. கைப்பேசிச் செயலிக்கு அத்தகைய பொறுப்பு எதுவும் இல்லை.

வீட்டில் இருப்பவர் யார்?

வீட்டுக்கல்வி என்னும் சொல்லிலேயே ஒரு முன்னனுமானம் ஒளிந்திருக்கிறது: வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார் என்பதே அது. அந்த ஒருவர் யார்? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்களே. பிள்ளையின் படிப்பைக் கண்காணிக்கும் பொறுப்பும் வீட்டுக்குள் வந்துவிட்டால், அது யார் தோளில் ஏறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பல வீடுகளில் தாய் வேலையை விடுகிறார். அவர் வேலையை விட முடியாத வீடுகளில், வளரிளம் பருவத்துப் பிள்ளை காலை முதல் மாலை வரை பூட்டிய அறைக்குள் திரையோடு தனித்திருக்கிறது. கர்நாடகம் 2023இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிதிறந்தது. வேலை நேரம் நீள நீள அந்தத் தனிமையும் நீளும்.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

நோய், உடல் ஊனம், பள்ளியில் நேர்ந்த வன்மம் ஆகியவற்றால் வேறு வழியற்ற பிள்ளைகளும் உண்டு. கடுமையான ஊனமுற்ற குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை 2012ஆம் ஆண்டின் திருத்தம் கல்வி உரிமைச் சட்டத்திலேயே சேர்த்தது. அத்தகைய குடும்பங்கள் நம்மிடம் ஆலோசனை கேட்கும்போது சில செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சான்றிதழை வழங்குபவர் யார் என்பது. 'சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்' என்று விளம்பரம் செய்வது வேறு, சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்றிருப்பது வேறு. நிலம், கட்டடம், ஆய்வகம் ஆகியவை உள்ள பள்ளிகளுக்கே அவ்வாரியம் இணைப்பு அளிக்கிறது. திரையில் மட்டும் இயங்கும் நிறுவனங்கள் பலவும் இறுதியில் மாணவரைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்திலேயே தேர்வு எழுத வைக்கின்றன. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தில், 14 வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்புக்கு நேரடியாகவே பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடைபெறுகிறது. பத்தாம் வகுப்பைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படிக்கலாம். திறந்தநிலைப் பள்ளி மாணவர் நீட் தேர்வு எழுதுவதைத் தடுத்த விதியையும் தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் செல்லாதென்று தீர்ப்பளித்தது. எளிய கட்டணத்தில் அரசிடமே கிடைப்பதற்கு இடைத்தரகருக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆசிரியர். பிள்ளையின் பெயரறிந்து, அதன் ஐயத்துக்கு அன்றே விடையளிக்கும் ஆசிரியர் உண்டா? பதிவு செய்த காணொளிகள் மட்டுமா? அவ்வாசிரியர் நிரந்தர ஊழியரா, வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவரா? நாளை அவர் நீக்கப்பட்டால் நட்டம் பிள்ளைக்கே.

மூன்றாவது, பணம். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. ஆண்டுக் கட்டணத்தை ஒருசேரச் செலுத்தாமல் மாதந்தோறும் செலுத்த வேண்டும். விலகினால் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

நான்காவது, நேரம். நாள்தோறும் எந்த நேரத்தில் எந்தப் பெரியவர் பிள்ளையோடு அமர்வார் என்பதைத் தாயும் தந்தையும் சரிபாதியாகப் பகிர்ந்து முடிவு செய்ய வேண்டும். பகிர முடியாத வீட்டில் எந்தத் திட்டமும் பயன்தராது. விளையாட்டுக்கும் ஆய்வகப் பயிற்சிக்கும் ஒத்த வயதினரின் தோழமைக்கும் வழி என்ன என்பதையும் அன்றே முடிவு செய்தாக வேண்டும். விவாதிக்கவும், வேறுபட்ட சாதியினரோடும் மதத்தினரோடும் ஒரே பலகையில் அமரவும் பிள்ளைகள் பழகுவது அத்தோழமையில்தான்.

பொதுக் கட்டுப்பாட்டில் தொழில்நுட்பம்

இயக்கம் தொழில்நுட்பத்துக்குப் பகையன்று. 2020 ஜூன் 1 அன்று கேரளம் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகள் நூலகங்களிலும் உள்ளூர்க் கற்றல் மையங்களிலும் கூடியமர்ந்து படித்தனர். வகுப்பின் தொடர்ச்சியை அரசுப் பள்ளி ஆசிரியர்களே கவனித்தனர். 2021 நவம்பர் 1 அன்று பள்ளிகள் திறந்ததும் பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பினர். அங்கே திரை பள்ளிக்குத் துணையாக இருந்தது.

அந்த அனுபவத்திலிருந்து நம் கோரிக்கைகள் பிறக்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் 18 வயது வரை நீட்டிக்கப்பட வேண்டும். அரசுப் பள்ளிகளின் நூலகமும் ஆய்வகமும் பெற்றோர் வேலை முடிந்து திரும்பும் வரை திறந்திருக்க வேண்டும். அங்கே திறந்தநிலைப் பள்ளி மாணவருக்கும் இடம் வேண்டும். இணையவழிக் கல்வி நிறுவனங்களின் கட்டணமும் ஆசிரியரின் பணி நிலைமையும் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். எட்டு மணி நேர வேலைநாள் காக்கப்பட வேண்டும். கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்த பொதுப்பள்ளி முறையும் கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடும் இன்னும் நிறைவேறாக் கடன்களாகவே நிற்கின்றன.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நம் வாசகசாலைகளும் தொழிற்சங்க அலுவலகங்களும் பகல் முழுதும் பெரும்பாலும் ஆளின்றிக் கிடக்கின்றன. பகுதியில் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேரை அங்கே ஒன்றாக அமர்த்தி, ஓய்வுபெற்ற ஆசிரியத் தோழர் ஒருவரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடனிருக்கச் செய்வது எந்தக் கிளைக்கும் இயலாத செயலன்று. எத்தனை வீடுகளில் பிள்ளைகள் இவ்வாறு தனித்திருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதை அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்ப்போம்.