கடைமடைத் தெருக்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்காகச் சரிகிறது. மலைநீரைக் கண்மாய்களில் தேக்கிய முன்னோர் அந்தச் சரிவை நம்பித்தான் மடை வைத்தார்கள். கடைசியாகத் தண்ணீர் காணும் வயலுக்குக் கடைமடை என்று பெயர். ஊருக்குள்ளும் கடைமடைத் தெருக்கள் உண்டு. குழாய்த் தண்ணீர் அங்கே கடைசியாக வரும். மழை பெய்தால் ஊர்ச் சாக்கடை முழுவதும் அங்கேதான் வந்து நிற்கும்.

இத்தகைய தெருக்கள் கொண்ட, பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கென்று, ஒருங்கிணைந்த வீட்டுவசதி மற்றும் குடிசைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தை 2005 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்தது. வாம்பே என்ற வீட்டுவசதித் திட்டம் உள்ளிட்ட பழைய திட்டங்கள் அதில் கலந்தன. நிதித் தலைப்புகள் ஒன்றாயின, துறைகள் ஒன்றாகவில்லை. வடிகால் நகராட்சியிடம், பட்டா வட்டாட்சியரிடம், அடுக்குமாடி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் என்றே கோப்புகள் இன்றும் பிரிந்து கிடக்கின்றன. (வாரியத்தின் பெயரில் இருந்த ‘குடிசைப்பகுதி’ 2021இல் ‘வாழ்விடம்’ ஆனது. வரவேற்கிறோம். கோப்பின் பாதை மாறியதாகத் தெரியவில்லை.)

பட்டாதான் சிக்கலின் முடிச்சு. 2015இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் பயனாளி தானே வீடு கட்டிக்கொள்ள மானியம் உண்டு, ஆனால் மனை அவருடையதாக இருக்க வேண்டும். ஓடைப் புறம்போக்கில் இரண்டு தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு விண்ணப்பத்தை நிரப்பவே வழியில்லை. அவருக்கு மிஞ்சுவது ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தறியை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போக முடியாது. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு வீட்டின் பரப்பளவைவிட, அந்த நேரத்தில் பஸ் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

ஆகவே, நகரமைப்பு வேலையில் இருக்கும் நம் துறையினர் வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. வடிகால் வரைபடத்தைப் பேருந்து நிலையத்திலிருந்து வரையாமல், கழிவுநீர் கண்மாயில் போய் விழும் முனையிலிருந்து வரையுங்கள். அதே தாளில் நிலவகைப்பாட்டையும் பஸ் தடங்களையும் குடிநீர் வரும் நாட்களையும் குறியுங்கள். முதல் பார்வையாளர்களாக அந்தத் தெருக்காரர்களையே வையுங்கள். அவர்கள் கூடிப் பேச வேண்டிய பகுதி சபைக்கு 2022இலேயே விதிகள் வந்துவிட்டன. கையெழுத்து வாங்க மட்டும் அதைக் கூட்டினால் போதாது.

இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மில்லுக்கும் சந்தைக்கும் தினமும் மக்கள் போய்வரும் சாலை அது. இரண்டையும் ஒரே தாளில் வரைய முன்வரும் வாசகர்கள் வரைபடத்தை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் நடுப்பக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.