போர்டு இருக்கிறது, கிணறு என்னாச்சு?



கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ் ஏறினால், வழியில் சிப்காட் வருகிறது. 2009ல் நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளில் அதையும் சேர்த்தது நாம் இல்லை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

கம்பெனிக்காரரிடம் கேட்டால், "ஐ.எஸ்.ஓ. 14001 வாங்கியிருக்கோம்" என்று போர்டைக் காட்டுவார். அது 1996ல் வந்த சர்வதேசத் தரம். சுற்றுச்சூழல் கொள்கை எழுதணும், சட்டப்படி நடக்கிறோமா என்று கம்பெனியே சரிபார்க்கணும், பதிவேடு வைக்கணும், தப்பைத் திருத்தணும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் உப்பனாற்றில் எவ்வளவு கழிவு விடலாம் என்று அதில் ஒரு அளவும் கிடையாது. அளவு இருப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையில். சர்டிபிகேட் தரும் ஏஜென்சிக்குப் பணம் கட்டுவதும் அதே கம்பெனிதான்! வியாபாரி கூட்டிவந்த ஆளே நம்ம நெல்லை எடை போடுகிற கதை.

இருந்தாலும் அதில் நமக்கு ஒரு பிடி உண்டு. அந்தக் கொள்கையைப் பாதிக்கப்படும் மக்கள் கேட்டால் காட்டவேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. வாசலில் போய்க் கேளுங்கள். 2005 தகவல் உரிமைச் சட்டப்படி வாரியத்திடம் இசைவாணை நகலும் வாங்குங்கள்.

நம்ம கிணற்றுத் தண்ணீரை நம்ம கண்முன்னே எடுத்துச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டவேண்டும். அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி, படித்துக் காட்டும்வரை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.