உள்ளங்கை ரேகையில் படியும் கொழுப்பு

சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடியிருந்தால், அவர் வாயைக் கட்டவில்லை என்று வீட்டார் குறைபடுவார்கள், அல்லது அது பரம்பரைச் சொத்து, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆறுதல் சொல்வார்கள். உணவையும் மரபணுவையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கும் இவ்விரு தீர்ப்புகளும் நோயாளிக்கு அநீதி இழைப்பவை. உடலுக்குள் அவை ஒன்றோடொன்று கைகோத்தே இயங்குகின்றன.

இதைத் தெளிவாகக் காட்டுவது அப்போ-இ என்னும் புரதம். கொலஸ்ட்ரால் நீரில் கரையாதது. ஆதலால் அது புரதம் போர்த்த நுண்துகள்களில் ஏறியே இரத்தத்தில் பயணம் செய்கிறது. தாம் சுமந்த கொழுப்பைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்டு எச்சமாகத் திரும்பும் துகள்களைக் கல்லீரலின் ஏற்பிகள், அதாவது அவற்றைப் பிடித்து உள்ளிழுக்கும் புரதங்கள், பற்றிக்கொள்வதற்கு அப்போ-இ கைப்பிடியாக உதவுகிறது. 299 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதம், 112ஆம், 158ஆம் இடங்களில் மட்டுமே வேறுபடும் இ2, இ3, இ4 என்னும் மூன்று வடிவங்களில் பொதுவாகக் காணப்படுகிறது. பெரும்பாலோரிடம் இருப்பது இ3. இ4 உடையோரிடம் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் சராசரியாகச் சற்று மிகுந்திருக்கும். இ2 வடிவமோ ஏற்பியில் சரியாகப் பொருந்துவதில்லை.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இ2 வடிவத்தையே பெற்றவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அதனால் வாழ்நாள் முழுதும் தொல்லை ஏதும் வருவதில்லை. சர்க்கரை நோயோ உடற்பருமனோ தைராய்டு குறைபாடோ வந்து சேரும்போதுதான் சிலரிடம் அந்த மரபணுவின் குறை வெளிப்படுகிறது. இன்சுலின் சரிவரச் செயல்படாதபோது கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் பெருகி வர, கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக மாற்றி மேலும் மேலும் துகள்களை அனுப்ப, ஏற்கெனவே மெதுவாக அகலும் எச்சங்கள் இரத்தத்தில் தேங்குகின்றன. கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் சேர்ந்தே உயர்கின்றன. சிலருக்கு உள்ளங்கை ரேகைகளின் பள்ளங்களில் மஞ்சள் கோடுகளாகக் கொழுப்பு படிந்து, கண்ணால் காணும்படி நிற்கிறது. ஆயினும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, எடையைக் குறைத்து, மாவுப் பண்டங்களையும் கொழுப்பையும் அளவாக்கி, மதுவை விலக்கினால், இந்தக் கொழுப்புத் தேக்கம் பெரிதும் தணிகிறது. மரபணுவில் ஓர் எழுத்தும் மாறாமலே இது நிகழ்கிறது.

இதற்கு எதிர்முனையில், எல்.டி.எல். ஏற்பியே பழுதாகப் பிறக்கும் குடும்பக் கொலஸ்ட்ரால் நோய் இருக்கிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். இக்குடும்ப நோய் உள்ளோர் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் உணவால் மட்டும் எல்.டி.எல்.லைப் போதிய அளவுக்கு இறக்க இயலாது, மருந்து வேண்டியிருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளுள் பெரும்பாலோர் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்டவர்கள். தீட்டிய அரிசியும் மைதாவும் இனிப்பும் மிகுந்தால் ட்ரைகிளிசரைடு ஏறி, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். இறங்குகிறது, நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு கல்லீரல் ஏற்பிகளின் வேலையைக் குறைத்து எல்.டி.எல்.லை உயர்த்துகிறது, பருப்பு, பயறு, ஓட்ஸ் ஆகியவற்றின் கரையும் நார்ச்சத்து பித்த அமிலங்களைப் பிணைத்து வெளியேற்றி அதைத் தணிக்கிறது. இந்த விதி எல்லாருக்கும் பொதுவானது; பலன் எந்த அளவுக்குக் கிட்டும் என்பதை முடிவு செய்வதில் அவரவர் மரபணுவுக்கும் பங்குண்டு. எனவே ஒரே சமையலை உண்ணும் இருவரின் அறிக்கைகளை ஒப்பிட்டு ஒருவரைக் குற்றம் சாட்டுவது முறையாகாது. உணவைத் திருத்திய சில வாரங்களுக்குப் பின் மறுபரிசோதனை செய்து, இறங்கினால் அதே வழியில் தொடர்வதும், இறங்காவிட்டால் மருத்துவர் தரும் மருந்தைக் குற்ற உணர்வின்றி ஏற்பதும், இரு நிலையிலும் உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிடாதிருப்பதுமே நோயாளிக்கு நன்மை தரும்.